காலுக்கு ஒரு சட்டம், கிணற்றுக்கு ஒரு சட்டம்

1989 டிசம்பரில் அன்றைய மேற்கு ஜெர்மனி ஒரு தடை போட்டது. பென்டாகுளோரோபீனால் என்று ஒரு பூஞ்சைக்கொல்லி உண்டு, சுருக்கமாக பி.சி.பி. பதனிட்ட தோலில் பூசணம் பிடிக்காமலிருக்க அப்போது அதைத்தான் கலந்தார்கள். நம் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளிலும் அதுதான். தோலில் அது தங்கிவிட்டால் ஷூவோ கோட்டோ போடுகிறவர் உடம்பில் ஏறும். கிலோவுக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கை உள்ளே விடமாட்டோம் என்றது ஜெர்மனி.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பரிசோதனைக்கும் மாற்று மருந்துக்கும் வழி தேடியது. ஏற்றுமதியாளர்கள் டேனரிக்காரர்களைத் துரத்தினார்கள். மத்திய அரசு கூடவே ஓடியது. சில ஆண்டுகளில் ஏற்றுமதித் தோலிலிருந்து பி.சி.பி. கிட்டத்தட்ட ஒழிந்தது. 1994இல் சில அசோ சாயங்களை ஜெர்மனி தடை செய்தபோதும் இதே கதைதான். மீனு திவாரி, பூனம் பிள்ளை என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சிறு டேனரி, பெரிய டேனரி, சங்கம், ஆராய்ச்சி நிலையம், டெல்லி எல்லாம் ஒரே திசையில் இழுத்த கதை நம் ஊரிலும் நடந்திருக்கிறது!

அதே காலத்தில், டேனரிக் கழிவுநீர் ஆற்றையும் கிணற்றையும் கெடுக்கிறது என்று இன்னொரு புகாரும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் புகார் செய்தவர்கள் ஜெர்மன்காரர்கள் இல்லை, பாலாற்றங்கரைக்காரர்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் மனப்பாடம் செய்கிற தீர்ப்பு அது. மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும், ஆபத்து வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது அதில்தான். தீர்ப்புக்குள் இருக்கும் எண்களைப் பாருங்கள்: ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேல் டேனரிகள், ஒரு கிலோ தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய 170 வகை ரசாயனம், டேனரிகள் உள்ள வட்டாரத்தில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு முழுசாகவோ பாதியாகவோ விவசாயத்துக்கு லாயக்கற்றுப் போன நிலம்.

இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் போடச் சொன்னது நீதிமன்றம். ஆணையம் 2001 மார்ச்சில் கணக்கை முடித்தது. வேலூர் மாவட்டத்தில் 547 டேனரிகள், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், இழப்பீடு 26.82 கோடி ரூபாய். அதன்பிறகு என்ன? 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இன்னும் பணம் வராதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு, டேனரிகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று. வழக்குப் போட்ட வருஷத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது.

"கேஸ் ஜெயிச்சது எங்கப்பா காலத்துல சார். பணம் வாங்குறது எம்புள்ள காலத்துலயோ இன்னாவோ" என்றார் ஆற்றோரமாக நிலம் வைத்திருக்கும் ஒருவர்.

நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் எடுக்கிறவன். பிளஸ் டூ புத்தகத்தில் சுற்றுச்சூழல் பொருளியல் என்று ஒரு பாடம் வருகிறது. ஒருவர் செய்யும் உற்பத்தியால் சம்பந்தமில்லாத மூன்றாமவருக்கு வரும் நஷ்டத்தைப் புறவிளைவு என்று அதில் சொல்லிக் கொடுக்கிறோம். சந்தை பொதுவாக ஒழுங்காக வேலை செய்யும், அபூர்வமாக இப்படி ஒரு ஓட்டை விழும், வரி போட்டோ சட்டம் போட்டோ அடைத்துவிடலாம் என்பதுதான் அதன் தொனி. ஆர்தர் பிகு 1920இல் போட்டுக் கொடுத்த பாதை இது. ஐந்து மார்க் கேள்வி. பிள்ளைகள் அழகாக எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டு, போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாத ஊருக்கு பஸ் ஏறிப் போவார்கள்.

எனக்கு இந்தப் பாடத்தோடு உள்ள சண்டை அதன் தீர்வுகளோடு இல்லை. வரி போடட்டும், நல்லதுதான். சண்டை அந்த 'அபூர்வமாக' என்ற தொனியோடு. கார்ல் வில்லியம் காப் என்று ஒரு பொருளியலாளர். ஜெர்மனியில் பிறந்தவர், நாஜிகள் வந்ததும் வெளியேறியவர். தனியார் தொழிலின் சமூகச் செலவுகள் பற்றி 1950இல் ஒரு புத்தகம் எழுதினார். இது ஓட்டையே இல்லை, இப்படித்தான் லாபமே உண்டாகிறது என்பது அவர் வாதம். செலவை அடுத்தவர் தலையில் தள்ளிவிடத் தெரிந்த கம்பெனி மலிவாக விற்கும். தள்ளத் தெரியாதவன் போட்டியில் தோற்பான். யார் தலையில் தள்ளுவது? திருப்பித் தள்ளச் சக்தியில்லாதவர் தலையில். நம் பாடப்புத்தகங்களில் காப் பெயர் வருவதில்லை. பிகுவும் கோஸும் வருவார்கள்.

கோஸ் என்றதும் ஒரு வார்த்தை. ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய கட்டுரையை வைத்து, உரிமை யாருக்கு என்று தெளிவாக இருந்தால் போதும், இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேரம் பேசி நல்ல முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுப்பார்கள். பேரம் பேச ஆகும் செலவு பூஜ்யமாக இருந்தால்தான் இது நடக்கும் என்று அந்த மனிதர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். நிஜ உலகத்தில் அது பூஜ்யமாக இராது என்பதுதான் அவர் கவலையே. பாவம், அதைக் கழற்றிவிட்டு மிச்சத்தை மட்டும் அவர் பேரில் விற்றுவிட்டார்கள். 29,193 பேர் 547 டேனரிகளோடு எந்த மேசையில் உட்கார்ந்து பேசுவது?

இப்போது அந்த 26.82 கோடியைப் பிரித்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. டேனரி பக்கம் பார்த்தால் தலைக்கு ஐந்து லட்சம்கூட இல்லை. 1998 வரைக்குமான சேதத்துக்கு இது. இவ்வளவு குறைவாக ஏன் வந்தது என்றால், போன விளைச்சலை வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் வரும். ஏழை நிலத்தில் விளைச்சல் மதிப்பு குறைவு, ஆகவே இழப்பும் குறைவு. கிணற்றைப் பழையபடி ஆக்க என்ன செலவாகும் என்று கேட்டிருந்தால் எண் வேறு மாதிரி வந்திருக்கும். பட்டா வைத்திருப்பவருக்காவது இழப்பைக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அதே நிலத்தில் களையெடுக்கவும் கடலை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு என்ன காகிதம் இருக்கும்?

இந்தக் கணக்குமுறை நம் ஊரில் பிறந்ததில்லை. வேலூர்க்காரர்கள் வழக்குப் போட்ட அதே 1991, டிசம்பர் 12. உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்த லாரன்ஸ் சம்மர்ஸ் பேரில் அலுவலகத்துக்குள் ஒரு குறிப்பு சுற்றியது. மாசினால் வரும் நோயின் செலவை, நோயால் போன சம்பாத்தியத்தை வைத்து அளக்கிறோம். அப்படியானால் மிகக் குறைந்த கூலி உள்ள நாட்டில் மாசைக் கொட்டுவதுதான் சிக்கனம் என்பது அதன் சாரம். அடுத்த பிப்ரவரியில் லண்டன் எகானமிஸ்ட் இதழ் அதை வெளியிட்டதும் பெரிய கூச்சல் எழுந்தது. கிண்டலாக எழுதியது, வாதத்தைச் சூடாக்க எழுதியது என்று பிறகு சமாதானம் சொன்னார்கள். இருக்கட்டும். கிண்டலோ நிஜமோ, தர்க்கம் பாடப்புத்தகத்திலிருந்து இம்மியும் பிசகவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தத்துவம் ஒழுங்காக இருக்கிறது, முடிவு மட்டும் அருவருப்பாக இருக்கிறது என்றால், தத்துவத்தைத்தானே சந்தேகப்பட வேண்டும்?

சரி, பி.சி.பி. கதைக்கும் பாலாற்றுக் கதைக்கும் நான் முடிச்சுப் போடுவது நியாயமா என்று கேட்கலாம். தொழில் தெரிந்த நண்பர் ஒருவர் கேட்கவும் செய்தார். ஒரு மருந்தை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கலப்பது சுலபம். ஆயிரக்கணக்கான லிட்டர் உப்புக் கழிவுநீரைச் சுத்தம் செய்வது அப்படி இல்லை. கோடிக்கணக்கில் முதலீடு வேண்டும், மின்சாரம் வேண்டும். அவர் சொன்னது உண்மை. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பில் பெரும்பகுதி ஊறவைக்கும் தண்ணீரில் இறங்குகிறது. பிறகு சுண்ணாம்புக் குழி, அதற்குப் பிறகு டிரம்மில் குரோம். குரோமையாவது பிடித்துவிடலாம், கரைந்த உப்பைப் பிடிப்பது பெரும் தலைவலி. ஆற்றில் விடலாம் என்ற அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. அந்த அளவுக்குக் கொண்டுவர வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆவியாக்கி எடுத்தால் கடைசியில் உப்புக் குவியல் நிற்கிறது. அதை எங்கே கொட்டுவது?

ஆனால் செலவு அதிகம் என்பது எதை விளக்குகிறது? யார் தலையில் விழுந்தால் செலவழிப்பார்கள் என்பதை அது விளக்குவதில்லை. பி.சி.பி. விஷயத்தில் கேடு வாங்குகிறவரைத் தொட்டது. வாங்குகிறவர் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியும். பாலாற்றங்கரைக்காரர் எதைத் திருப்பி அனுப்புவார்?

டேனரி முதலாளிகளைத் திட்டி முடித்தால் இந்தப் பதிவு எனக்குச் சுலபமாக முடிந்துவிடும். அது முழு உண்மையும் ஆகாது. எழுபதுகளுக்கு முன் இங்கே பெரும்பாலும் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே சீமைக்கு அனுப்புவார்கள், மதிப்புக் கூட்டுவது அங்கே. சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து மத்திய அரசு அதற்குக் கட்டுப்பாடு போட்டு, முழுசாக முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்பு, அந்நியச் செலாவணி வேண்டும் என்றது. முடித்த தோலுக்கு குரோம்தான் தோதாக இருந்தது. அந்த குரோம் ரசாயனம் செய்ய ராணிப்பேட்டையில் 1975இல் மாநில அரசின் பங்கோடு தொடங்கியதுதான் தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம். 1995இல் பூட்டினார்கள். பூட்டிவிட்டுப் போகும்போது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவை வெட்டவெளியில் மலையாக விட்டுவிட்டுப் போனார்கள். 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என்று நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் நிறுவனம் போட்ட பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பிடித்தது. மாசுபடுத்தியவர் பணம் கட்ட வேண்டும் என்றால் இங்கே கட்ட வேண்டியவர் யார்? அரசுதானே. தொழிலைத் தள்ளிவிட்ட கையும் அதுதான், பிறகு நோட்டீஸ் அனுப்பிய கையும் அதுதான்.

தொழில் யார் கைக்கு வந்தது என்பதிலும் ஒரு சமூகக் கணக்கு இருக்கிறது. தோலைத் தீட்டு என்று சாதி இந்துக்கள் விலகி நின்ற இடத்தில் முஸ்லிம் வணிகர்கள் முதல் போட்டார்கள். குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். இன்றைக்கு ஈர வேலைக்கு வடக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுக் கழிவுநீர் நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்துக்காரர்கள். ஆற்றைக் காப்பாற்ற என்று கட்டிய நிலையம் அது. அந்தக் கழிவின் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டியிருந்தது யாருக்கு என்று பாருங்கள்.

பொதுக் கழிவுநீர் நிலையங்களைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று டேனரிகள் ஒன்றுசேர்ந்து கம்பெனியாகப் பதிவு செய்து கட்டியவை அவை. லொரெய்ன் கென்னடி என்ற ஆய்வாளர் இந்தக் கூட்டு முயற்சியைப் பற்றி 1999இல் எழுதினார். நீதிமன்றம் பூட்டைக் காட்டியதும் ஒன்றுசேர்ந்தார்கள் என்பதுதான் அந்தக் கதை. அதே நேரம் பராமரிப்புச் செலவு சிறு டேனரியைத்தான் அதிகம் அழுத்துகிறது. வெளிநாட்டு பிராண்டு தோலின் விலையை ஒரு சென்ட் ஏற்றித் தருவதில்லை. ஆனால் சுற்றுச்சூழல் சான்றிதழ் கேட்கிறது. ஆக, பிராண்டு டேனரிக்காரர் மேல் தள்ளுகிறது, அவர் ஆற்றின் மேல் தள்ளுகிறார். மழை பெய்து பாலாற்றில் நுரை பொங்கினால் ஊரில் எல்லாருக்கும் காரணம் தெரியும், புகார் மனுவில் மட்டும் யார் என்று எழுத முடியாது.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஷூவைப் பேசாமல் போனால் எப்படி. துத்திப்பட்டு, பெரியவரிக்கம் பக்கம் காலையில் கம்பெனி பஸ்களைப் பார்த்தால் தெரியும், ஆம்பூரின் ஷூ பெண்களின் உழைப்பு. என் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் அம்மாவோ அக்காவோ கம்பெனிக்குப் போகிறவர்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு, ஊரில் அது பெரிய விஷயம். கம்பெனி வாசலைத் தாண்டாத இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மொக்காசின் வகை ஷூவின் மேல்பகுதியைப் பெரும்பாலும் கையால்தான் தைக்கிறார்கள், மெஷினில் அந்தச் சுருக்கம் அவ்வளவு நேர்த்தியாக வராது. அந்த வேலை வீட்டுக்கு வருகிறது. ஏஜெண்ட் கொண்டுவந்து போடுவார், தைத்து முடித்ததும் எண்ணி வாங்கிப் போவார். பீஸ் ரேட்டு. சிவிடெப், ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைடு, லேபர் பிஹைண்ட் த லேபிள் ஆகிய அமைப்புகள் 2016இல் ஆம்பூரில் இந்தப் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை போட்டன. பிரிட்டனில் அப்போது 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டு வரை விற்ற ஷூவுக்கு, ஜோடி ஒன்று தைக்க இங்கே பத்துப் பதினைந்து ரூபாய்கூடத் தேறவில்லை.

இதுவும் காப் சொன்ன தள்ளல்தான். வீடு அவளுடையது, ஆகவே கம்பெனிக்கு இட வாடகை இல்லை. விளக்கு அவளுடையது. ஊசி குத்தினால் மருந்து அவள் செலவு. கண் மங்கினால் கண்ணாடி அவள் செலவு. ஷூவின் விலையில் இது எதுவும் ஏறவில்லை. வேலூர்த் தீர்ப்பு வந்த அதே 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இப்படி வீட்டிலிருந்தே வேலை செய்யும் தொழிலாளர்களுக்கென்று 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இதுவரை அதை ஏற்கவில்லை.

இன்னொரு வேடிக்கை, நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கு. தோல் ஏற்றுமதி அதில் கூடும். கிணறு கெட்டுப்போனதால் வாங்குகிற கேன் தண்ணீரும் கூடும். முன்பு கிணற்றில் சேந்திக் குடித்த தண்ணீர் அதில் ஒரு பைசா சேர்க்காது. கேன் விற்பனை ஏறினால் வளர்ச்சி ஏறும். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பரீட்சையில் எழுத வேண்டாம் என்று நானே சொல்லி வைப்பேன்.

அரசியல் ஏன் இதைத் தொடுவதில்லை? கட்சி பேதமே இல்லாமல் எல்லாரும் நழுவுகிறார்கள். ஆற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவர் வீட்டிலேயே ஒருத்தர் கம்பெனிக்குப் போகிறார். தண்ணீரைப் பேசினால் வேலையைப் பிடுங்க வந்தவன் என்று சொல்லிவிடலாம். வேலையா தண்ணீரா என்று கேட்டே காலம் ஓடிவிட்டது. பி.சி.பி.யை எடுத்தபோது எந்தத் தொழிற்சாலையும் வேலையா, ஜெர்மன்காரர் தோலா என்று கேட்கவில்லை. ஜெர்மனி இப்போது ஒரு படி மேலே போய், தன் பெரிய கம்பெனிகள் சரக்கு வாங்குகிற சங்கிலியிலும் மனித உரிமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்து சட்டம் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் அதேபோல ஒன்றை நிறைவேற்றியது. போடப்பட்ட வேகத்தில் அதை நீர்க்கச் செய்யும் வேலையும் 2025 பிப்ரவரியில் தொடங்கிவிட்டது. தொழிலுக்குச் சுமையாம். அவர்கள் காலைப் பற்றிய சட்டத்தை யாரும் சுமை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக வரி விஷயம். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மேல் வரியை 50 சதவீதமாக ஏற்றியது. ஆம்பூரில் எல்லாரும் ஆர்டரைப் பற்றித்தான் பேசினார்கள். வாங்குகிறவர்கள் தள்ளுபடி கேட்டார்கள். சங்கங்கள் டெல்லிக்கு ஓடின, முதலமைச்சர் கடிதம் எழுதினார். நவம்பர் 12 அன்று மத்திய அமைச்சரவை, ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரையிலான கூடுதல் கடனுக்கு உத்தரவாதம் தரும் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பதினோரு வாரம். இது நாடு முழுக்க எல்லாத் தொழிலுக்கும் சேர்த்துத்தான், அதுவும் கடனுக்கான உத்தரவாதம்தான், ஆகவே 26.82 கோடியோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. திட்டம் தப்பு என்றும் சொல்ல மாட்டேன், கம்பெனி படுத்தால் முதல் அடி என் மாணவர்கள் வீட்டில்தான் விழும். ஆனால் அந்தக் கடனைக் கேட்க ஏற்றுமதியாளராக இருக்க வேண்டும். வீட்டில் மொக்காசின் தைக்கும் அக்கா ஏற்றுமதியாளர் இல்லை. தொழிலாளி என்று எழுதிய சீட்டும் அவரிடம் இல்லை. ஆர்டர் குறைந்தால் ஏஜெண்ட் வருவதை நிறுத்திவிடுவார், அதற்கு நோட்டீஸ் எதுவும் கிடையாது. வேலையிழப்புக் கணக்கில்கூட அது ஏறாது. அவர் வேலையில் இருந்ததாகவே எந்தப் பதிவேட்டிலும் இல்லையே.